தீராத சைனஸ் தொல்லை: காரணங்கள் எங்கே இருக்கின்றன?

பேச்சு வழக்கில் சைனஸ் என்பது ஒரு நோயின் பெயராகிவிட்டது. உண்மையில் அது எல்லோருடைய முகத்திலும் இருக்கும் காற்றறை. நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு நடுவில், மூக்கின் பின்னால் மண்டையோட்டின் அடியில் என நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. அவை அனைத்தும் சிறிய வாசல்கள் வழியே மூக்குக்குள் திறக்கின்றன.

அறைகளின் உட்சுவரில் மெல்லிய சளி எப்போதும் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதை ஓயாமல் வாசலை நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லை, சுவரின் மேற்புறத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே சளி தானாக வழிந்துவிடாது. நுண்மயிர்கள்தான் அதை மேலேற்ற வேண்டும். வாசல் அடைபட்டாலோ, நுண்மயிர்கள் சோர்ந்தாலோ சளி தேங்கும், கெட்டியாகும், கிருமிகள் பெருகும்.

சாதாரணச் சளியோடு வரும் சைனஸ் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். மூக்கடைப்பு, கெட்டிச்சளி, முகத்தில் பாரம், மணம் தெரியாமை போன்றவை 12 வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. அந்த நிலையில் அதைத் தீரவிடாமல் வைத்திருக்கும் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் பார்க்கப்படுவது ஒவ்வாமை. படுக்கையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள், ஈரச்சுவரின் பூஞ்சணம், மகரந்தம் ஆகியவை மூக்கின் உட்தோலை வீங்கச் செய்கின்றன. அந்த வீக்கம் வாசலை நெருக்குகிறது. அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். புகையிலைப் புகையும் விறகடுப்புப் புகையும் நுண்மயிர்களின் வேலையையே கெடுக்கின்றன.

அடுத்தது மூக்கின் அமைப்பு. நடுத்தண்டு ஒரு பக்கம் வளைந்திருப்பது பலருக்கும் உண்டு. வளைவு மிகும்போதுதான் அது தடையாகிறது. நாள்பட்ட அழற்சியால் வளரும் சதை, அதாவது பாலிப், வாசலை மூடிவிடும். பாலிப் உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கும். குழந்தைகளிடம் அடினாய்டு வீக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மூக்குத்துளையில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், குழந்தை மணியையோ விதையையோ உள்ளே போட்டிருக்கலாம்.

பலர் எண்ணிப் பார்க்காத இடம் பல். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன. நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1651-இல் வெளியிட்ட நூலில் இந்த அறையை விரிவாக விளக்கினார். பல் பிடுங்கிய இடத்தின் வழியே அந்த அறையிலிருந்து நீர் வடிந்த ஒரு பெண்ணைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் கன்னம் கனத்து, நாற்றமும் இருந்தால் பல் மருத்துவரும் பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லின் சீழ் நீங்காதவரை சைனஸும் ஆறாது.

பூஞ்சை இன்னொரு காரணம். சிலருக்கு அது அறைக்குள் உருண்டையாகத் திரளும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களிடம் வேறொரு வகை, கண்ணையும் மூளையையும் நோக்கி விரைந்து பரவும். 2021-இல் கொரோனாவை ஒட்டி இந்தியாவில் பலரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சை நோய் இதுவே. நோய் எதிர்ப்புக் குறைபாடும், பிறவியிலேயே நுண்மயிர்கள் இயங்காத நிலையும் அரிதான காரணங்கள்.

மருந்தே காரணமாவதும் உண்டு. மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் அடைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். இன்னொரு புறம், சைனஸ் தலைவலி என்று கருதப்படுவது பல நேரங்களில் ஒற்றைத் தலைவலியாக இருக்கிறது.

காரணத்தைக் கண்டறிய எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன், ஒவ்வாமைச் சோதனை ஆகியவை உதவுகின்றன. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் பலருக்கு அடிப்படைச் சிகிச்சை. அறுவைச் சிகிச்சை வாசலைத் திறந்துவிடும். ஒவ்வாமையை அது போக்காது. ஒரு பக்கத்தில் மட்டும் அடைப்பும் ரத்தக் கசிவும் தொடர்ந்தால் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கண் வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சலுடன் தலைவலி ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.