சட்டை மாத்திக்கிட்டு வரேன் என்றால் காத்திருங்கள்

(மீஞ்சூரில் இளைஞர்களுக்கான ஒளிப்பட வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் கழுத்தில் கேமராவோடு ஒரு கூட்டம் வரும். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் போவார்கள். பூநாரை கிடைக்காத நாளில் மனிதர்களை எடுப்பார்கள். தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவும் இருளர் பெண், சூளையில் செங்கல் அறுக்கும் ஒடிசாத் தொழிலாளி. படத்துக்குக் கீழே 'எளிமை', 'நம்பிக்கை' என்று தலைப்பு இருக்கும். பெயர் இருக்காது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படம் எடுத்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவரது நூல் ஏழு தொகுதிகளாக வந்தது. செங்கல்பட்டு மாவட்ட இருளரும் அதில் உண்டு. அன்றைக்கு நம் பொன்னேரி வட்டமும் அந்த மாவட்டம்தான். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம், தங்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்து. அவர் அதை வேடிக்கையாக எழுதிவைத்தார். அந்தப் பெண்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்பேன்.

நம் நாட்டில் மட்டுமல்ல. பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் 1985-இல் நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் வந்தது. சர்பத் குலா என்ற அவர் பெயர் உலகத்துக்குத் தெரிய 2002 ஆனது.

கேமராவைத் தூக்கியதும் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "இரு தம்பி, சட்டை மாத்திக்கிட்டு வரேன்." படம் எடுப்பவர் சொல்வார்: "வேணாம்ணா, அப்படியே இருங்க, அதுதான் இயல்பு." யாருக்கு இயல்பு? அழுக்கு, செய்யும் வேலை தந்தது. முகம் அவருடையது. வசதியானவர் வீட்டுக் கல்யாணத்தில் தலை சீவாமல் நிற்கச் சொல்வார்களா? நம் வீட்டுச் சுவர்களில் அண்ணல் அம்பேத்கர் கோட்டு சூட்டோடுதான் நிற்கிறார். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று தானே முடிவு செய்வதும் சுயமரியாதைதான்.

அப்படியானால் துயரத்தைக் காட்டவே கூடாதா? காட்ட வேண்டும். 2017-இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். மலக்குழி மரணங்கள் பற்றிய அவரது பதிவுகளில் இறந்தவருக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இருக்கிறது. பரிதாபத்துக்கும் நீதிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எனவே சில வேலைகள். முதலில் பெயரைக் கேளுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். முன்பணம் வாங்கிச் சூளையில் மாட்டியிருப்பவரின் முகத்தையும் இடத்தையும் இணையத்தில் போடாதீர்கள். உங்களுக்கு விழும் லைக்குக்கு முதலாளியிடம் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாதிச் சான்றிதழுக்கு அலையும் இருளர் குடும்பத்துக்கு உடனடித் தேவை பாஸ்போர்ட் அளவுப் படம். அதையும் எடுத்துக் கொடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒருவருக்காவது பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். நாம் அப்புறம் பேசலாம்.