பழைய பதக்கம் இருக்குதுங்களா?

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தபோது ஒரு ஆத்தா வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமனாருடையதாம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற எண்கள். வெள்ளிக்குக் கடன் கிடையாது என்று திருப்பி அனுப்பினேன். மறுமாதம் வந்தவரிடம் கேட்டால், "உருக்கிப் பேத்திக்குக் கொலுசு போட்டாச்சு சாமி" என்றார்.

பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. அது முதல் உலகப் போர் பதக்கம். ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி. விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். நான் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அந்த உறுத்தலில் சேர்க்க ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம்.

பிரிட்டிஷ் அரசர் கொடுத்தவற்றில் பல படிகள் உண்டு. நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாருக்கு 1933இல் கே.சி.ஐ.இ. கிடைத்தது, அவரேதான் பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். மிராசுதார்களுக்கும் அதிகாரிகளுக்கும் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர். நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பட்டம் போனாலும் வில்லை பெட்டியில்தானே கிடக்கிறது?

எனக்கு ராவ் பகதூரைவிடச் சிப்பாய்தான் முக்கியம். பகதூர் பெயர் கல்வெட்டில் இருக்கும், சிப்பாய்க்கு அந்த விளிம்புதான். கூலிப் படையில் போனவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். அங்கேயும் சிக்கனம் பார்த்திருக்கிறார்கள்! 1980இல் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க இவை ஏராளமாக உருகிப்போயின. இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படைக்குப் பொறித்தார்கள்.

வாங்குகிறவர்கள் விளிம்பை உற்றுப் பாருங்கள். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போடுவதுண்டு. அராவிய இடம் மெலிந்திருக்கும். வீட்டில் இருப்பதை விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேயும்.

பரணில் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். மாலை ஐந்துக்கு மேல் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன், பூதக்கண்ணாடியோடு.