மோரியாவுக்குள்ள ஒரு செக்போஸ்ட்

பால்ராக் பத்தி எப்போ பேசுவீங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. மன்னிச்சுக்கோங்க, இன்னைக்கும் பால்ராக் கிடையாது. இன்னைக்கு ஒரு ரூம். மோரியா சுரங்கத்துக்குள்ள, படிக்கும்போது ரெண்டு மூணு பக்கத்துல தாண்டிப் போயிடுற ஒரு காவல் அறை.

படம் மட்டும் பாத்தவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல. 2001-ல வந்த படத்துல பிப்பின் எலும்புக்கூட்டைக் கிணத்துக்குள்ள தள்ளிவிடுறது பாலினோட கல்லறை இருக்கிற அறையில. 1954-ல வெளியான டோல்கீன் புத்தகத்துல அந்தக் கிணறு இருக்கிற இடமே வேற. காண்டால்ஃப் ஒரு இடத்துல வழி மறந்து நிப்பார் இல்லையா, மூணு பாதை பிரியுமே, அதுக்குப் பக்கத்துல இருக்கிற அறை. கிம்லி பாத்த உடனே சொல்லிடுவான்: மூணு பாதையையும் கண்காணிக்கக் கட்டின காவலர் அறை இது, கிணறு அவங்க தண்ணிக்கு, அதுக்கு ஒரு கல் மூடி இருந்திருக்கு, இப்போ உடைஞ்சு கிடக்குன்னு.

எனக்கு அந்த மூடிதான் பிடிச்ச விஷயம். ஒரே அறையிலிருந்து மூணு வழியையும் பாத்துக்கலாம், தண்ணிக்குக்கூட வெளிய போக வேண்டாம். அருமையான டிசைன். ஆனா கிணறுங்கிறதும் கீழிருந்து வர்ற ஒரு வழிதானே? நாலாவது வாசல் உங்க ரூம் தரையிலேயே இருக்கு. அதனாலதான் மூடின்னு நான் நினைக்கிறேன். என் ஊகம்தான்.

பாலின் ஆட்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மூன்றாம் யுகம் 2989-ல மோரியாவுக்குத் திரும்பி வர்றாங்க, 2994-ல எல்லாம் முடிஞ்சுபோச்சு. கிழக்கே ஓர்க் படை. மேற்கு வாசல்ல குளத்துத் தண்ணி சுவர் வரைக்கும் ஏறி, அதுல இருந்த ஜந்து ஓயினைப் பிடிச்சுட்டுப் போயிடுது. ரெண்டு பக்கமும் அடைப்பு. கடைசிப் பக்கத்தை எழுதினவன் ஓரி. அந்தப் பக்கங்களை டோல்கீன் தன் கையாலேயே செஞ்சார், ஓரத்தைக் கருக்கி, ரத்தக்கறை மாதிரி பூசி. கலர்ல அச்சடிக்க செலவு அதிகம்னு முதல் பதிப்புல அது வரல.

சரி, பிப்பின். சும்மா என்ன ஆகுதுன்னு பாக்க ஒரு கல்லைக் கிணத்துல போடுறான். ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் தொப்புனு ஒரு சத்தம். அப்புறம் கீழ எங்கயோ சுத்தியல் தட்டுற சத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம், முதல் ஆன்-கால் ராத்திரி. யாரும் தொடாத ஒரு பழைய நோட்டிஃபிகேஷன் ஜாப். சும்மா என்ன ஆகுதுன்னு பாக்க ரன் பண்ணினேன். பதினோரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் பாத்தா, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆயிரக்கணக்கான பேரோட போன் அதிருது. என் போனும் அதிருது. லீட் கால்ல வந்து நல்லா திட்டினாங்க. "எல்லாம் அடங்குற வரைக்கும் நீதான் உக்காந்து பாக்கணும்"னு சொன்னாங்க. உக்காந்தேன். ஒரு பக்கம் டாஷ்போர்டு, இன்னொரு பக்கம் ராஜினாமா மெயில் டைப் பண்ணி வச்சிருக்கேன்.

காண்டால்ஃபும் முட்டாளேன்னு திட்டிட்டு பிப்பினுக்குத்தான் முதல் காவல் கொடுக்கிறார். கும்மிருட்டு, அந்தக் கிணத்திலிருந்து எது ஏறி வருமோன்னு பயந்துட்டே உக்காந்திருக்கான். மூட ஒரு போர்வையாவது போடலாம்னு தோணுது, பக்கத்துல போகவும் பயம். கொஞ்ச நேரத்துல காண்டால்ஃபே எழுந்து வந்து, நீ போய்ப் படு, எனக்குத் தூக்கம் வரலைன்னு காவலை வாங்கிக்கிறார். அப்புறம்தான் அவருக்குத் தெரியுது, பிரச்சினை தூக்கம் இல்ல, புகை பிடிச்சு ரொம்ப நேரம் ஆச்சுன்னு.

எங்க லீட் நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டாங்க. "நீ போய்த் தூங்குப்பா, நான் பாத்துக்கிறேன். எப்படியும் முழிச்சாச்சு, டீ போட்டுட்டேன்." அந்த மெயில் இன்னும் டிராஃப்ட்ல இருக்கு. அந்த ஜாபை மறுநாள் நானே எடுத்துட்டேன்.

அடுத்த வாரம் பால்ராக். சத்தியமா.