கைவிட்டதால் பிழைத்த கேலரி

இன்னைக்கு வேல்ஸ் போறோம். வடக்கு வேல்ஸ்ல, கோர்வென் ஊருக்குப் பக்கத்துல, லங்கார்னு ஒரு சின்ன கல் தேவாலயம் இருக்கு.

உள்ளே போய், பலிபீடத்துக்கு முதுகு காட்டி நின்னு நிமிர்ந்து பாருங்க. மேற்குக் கோடியில ஒரு மரக் கேலரி. தியேட்டர் பால்கனியோட குட்டி வடிவம்னு வச்சுக்கோங்க. அதுல பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு தாங்கி. அதுக்கு நாலு பக்கம், அதனால பாடுறவங்க சுத்தி நின்னு பாடலாம்.

இந்த மாதிரி கேலரி அப்போ சகஜம். 18-ம் நூற்றாண்டு முழுக்க, 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும், கிராமத்து தேவாலயத்துல பாட்டு உள்ளூர்க்காரங்க கையில இருந்தது. பல ஊர்கள்ல ஃபிடில், கிளாரினெட், பசூன், செல்லோ எல்லாம் மேல ஏறின. வாரம் முழுக்க வேற வேலை பார்க்கிறவங்க, ஞாயிற்றுக்கிழமை இசைக் கலைஞர்கள்.

1833-ல் ஆக்ஸ்ஃபோர்ட் இயக்கம் ஆரம்பிச்சது. வழிபாடு இன்னும் ஒழுங்கா, கம்பீரமா இருக்கணும்ங்கிற எண்ணம் பரவுச்சு. ‘புதுப்பிக்கிறோம்’னு சொல்லி ஊர் ஊரா கேலரிகளைப் பிரிச்சாங்க. அங்கி போட்ட பாடகர் குழு பலிபீடத்துப் பக்கம் வந்தது. ஒரு குழுவே வாசிச்ச இடத்துல ஆர்கன் முன்னாடி ஒரே ஒருத்தர். தாமஸ் ஹார்டி 1872-ல் எழுதின ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’ நாவல்ல, ஓர் ஆங்கிலேய கிராமத்துக் குழு இப்படித்தான் இடத்தை இழக்குது.

அப்போ லங்கார் எப்படித் தப்பிச்சது? 1850-கள்ல பக்கத்து ஊரான கின்விட்ல புது தேவாலயம் கட்டி, எல்லாரும் அங்க போயிட்டாங்க. பழசைப் புதுப்பிக்க யாரும் காசு செலவழிக்கல. அதனாலதான் கேலரியும் மிஞ்சுச்சு, சுவர்ல மரணத்தைக் காட்டுற பெரிய எலும்புக்கூடு ஓவியமும் மிஞ்சுச்சு.

அதுக்காக, கைவிடுறதுதான் நல்லதுன்னு சொல்ல வரல. அப்படியே விட்டிருந்தா கூரையே விழுந்திருக்கும். இப்போ வேல்ஸ் அரசோட பாரம்பரியத் துறை அதைப் பராமரிக்குது. ஆனா சாஃப்ட்வேர்ல பழைய கோடைப் பார்த்ததும் ‘ரீரைட் பண்ணிடலாம்’னு கை பரபரக்கும் பாருங்க, அப்போ கேட்க வேண்டிய கேள்விதான் இங்கேயும்: இதை யார் பயன்படுத்துறாங்க? கேலரியைப் பிரிச்சப்போ போனது வெறும் மரம் இல்ல, ஊர்க்காரங்க நின்னு பாடின இடம்.

பழைய தேவாலயம் எதுக்காவது போனா, ஒரு தடவை திரும்பி மேலே பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!