உட்கார்ந்தபடியே ஒரு பணி

பூக்கடையில் பூ கட்டுகிறவரைப் பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். வேலை செய்வது விரல்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டருக்கும் இந்தக் கணக்குதான் கைகொடுத்தது. மேரி வர்கீஸ், கேரளத்துக்காரர். மகப்பேறு மருத்துவராக நினைத்தவர். 1954-ல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. கால்கள் போயின, கைகள் இருந்தன. அதே கல்லூரியின் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் அந்தக் கைகளைப் பார்த்தார். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யலாமே என்றார். மேரி செய்தார். அதையே தன் இறைப்பணியாக ஏற்றார்.

அப்படியானால் கடவுள் அடித்துத்தான் அழைப்பாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விபத்து யாரையும் அழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். அழைத்தது அந்த மடங்கிய விரல்கள். அவை முன்பும் அங்கேதான் இருந்தன. துன்பம் பழைய வழியை அடைத்தது, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது கைகள். சரி, அவரைச் சுற்றி டாக்டர்கள் இருந்தார்கள், மரத்திலிருந்து விழுந்த கூலித் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? இது இன்னும் வலுவான கேள்வி. நம்பிக்கை மட்டும் போதாது, பயிற்சி வேண்டும், இடம் வேண்டும். மேரிக்கும் அது தெரிந்திருந்தது. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. கால் இழந்து அங்கே வந்தவர்களைப் பார்க்க, டாக்டரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார்.