பற்றும் வரவும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த தோட்டத்தையோ கடையையோ விட்டுப் பிரியும் முதலாளியின் மனநிலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். "பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு என்ன துயரம்?" என்று நம்மிற் பலர் நினைப்பதுண்டு. அது முழு உண்மையன்று.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் தோட்டக்காணி வைத்திருத்தலாகாது என்று அது விதித்தது. எந்தப் பகுதியைத் தமக்கு வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்பதை உடைமையாளர் எழுதிக் கொடுக்கலாம். மிகுதி ஆணைக்குழுவைச் சேரும். தந்தை நட்ட மலை ஒரு பக்கம். பிறந்து வளர்ந்த பங்களா மறுபக்கம். எதை வைப்பது? எதை விடுவது? கணக்கு ஒன்று சொல்லும். நெஞ்சு வேறொன்று சொல்லும். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆயினும், எங்கோ இருந்த பங்குதாரரின் இழப்பும், தோட்டத்திலேயே வாழ்ந்த குடும்பத்தின் இழப்பும் ஒன்றாகா.

நம்மவரிலும் தோட்டம் வாங்கியோர் உண்டு. சௌமியமூர்த்தி தொண்டமானவர்களின் தந்தையார் கருப்பையா, கங்காணியாக உயர்ந்து வேவண்டன் தோட்டத்தை வாங்கியவர். அவ்வாறு பாடுபட்டுத் தேடிய மண்மீது பற்று வைப்பது இயல்பேயன்றோ?

ஆனால், அன்பர்களே, பற்று உறுதிப்பத்திரம் உள்ளவருக்கு மட்டும் உரியதா? 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அத்தோட்டத்தின் சொந்தக்காரரல்லர். சம்பளத்துக்கு இருந்த துரை. நாற்பதாண்டு உழைத்தபின், 1892இல் விலகும்படி கேட்கப்பட்டபோது அவருக்குப் போக மனம் வரவில்லை. அவ்வாண்டே அங்கேயே உயிர் நீத்தார்.

நம் முன்னோருக்கோ சம்பளமும் சொற்பம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்படி தலைமன்னாரிற் கப்பலேறியோர், தாம் கவ்வாத்து வெட்டிய செடிகளையும், பெற்றோரைப் புதைத்த மண்ணையும் விட்டுப் போயினர். அந்தப் பற்றுக்கு எவரும் விலை பேசவில்லை.

இக்காலத்திலும் பிரிவுகள் நிகழ்கின்றன. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் முதிய முதலாளிமார் கடையை ஒப்படைக்க வேண்டியவராகின்றனர். சிலர் மனமின்றி ஆண்டாண்டாக நாளைக் கடத்துகின்றனர். சிலரோ துயரந் தாங்காது, எவரிடமும் சொல்லாமல் ஒரே நாளிற் பூட்டிவிட்டுப் போகின்றனர். இரண்டினாலும் வருந்துபவர் கடைச்சிப்பந்திகளே.

நம் கணக்கேட்டில் "பற்று" என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டது பற்று. அது திருப்பித் தீர்க்கவேண்டிய கடன். கடைமீது நமக்குள்ள பற்றும் அத்தகையதே. முதலாளி அக்கடையிலிருந்து பெற்றது இலாபம் மட்டுமன்று. மற்றவர் உழைப்பும், வாடிக்கையாளர் நம்பிக்கையும், ஊராரிடம் நற்பெயரும் ஆகும். விட்டுப் போகுமுன் அதனைத் தீர்க்க வேண்டாமா?

தீர்க்கும் வழி எளிது. முன்கூட்டியே சிப்பந்திகளை அழைத்துச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிப் பாக்கியைச் செலுத்துங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை கொடுக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகின்றது. உங்கள் கடையில் மூவரே இருந்தால்? அப்பொழுது மனச்சாட்சி கட்டளையிடட்டும். புதிதாக வருபவருக்குச் சாவியோடு தொழிலறிவையும் கொடுங்கள்.

இளைஞர்களே! உங்கள் தந்தையார் கடை வாசலில் ஒருகணம் தயங்கி நின்றால் நகையாதீர்கள். அருகே நின்று கணக்கைத் தீர்க்க உதவுங்கள். கடன் தீர்ந்த பற்று பாரமாயிராது, இனிய நினைவாயிருக்கும்.