கதிரவனுக்கும் இந்திப் பெயரா?

(திருவண்ணாமலைத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயர் அண்ணாமலை. அண்ணுதல் என்றால் நெருங்குதல். நெருங்குதற்கரிய மலை என்பது பொருள். சம்பந்தரும் நாவுக்கரசரும் அப்பெயராலேயே இம்மலையைப் பாடினர். பின்வந்தோர் அருணாசலம் என்றனர். விளக்கீடு தீபமாயிற்று. மலைவலம் கிரிவலமாயிற்று. அந்த மாற்றங்களுக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இன்று தில்லிக்கு ஓர் அறிவிப்பே போதுமானதாக இருக்கிறது. மலையின் பெயரை இழந்த நாம், மலைக்கு மேல் எழும் ஞாயிற்றின் பெயரையும் இழப்பதா என்பதுதான் இன்றைய என் கேள்வி.

செய்தி இதுதான். 2024-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரைமேல் கதிரொளியை மின்னாக்கும் தகடுகளைப் பொருத்துவதற்கு 75,021 கோடி உருபா ஒதுக்கி, 2026-27 வரை அதை நடத்துவதென முடிவு செய்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 உருபா, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 நல்கை. திட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற நான் வரவில்லை. எண்ணூர் மக்கள் அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு வாழ்வதை அறிந்த எவனும் கதிர்மின்னை வெறுக்க மாட்டான்.

ஆனால் அதன் பெயரைக் கேளுங்கள்: பி.எம். சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா. இதை எழுதத் தமிழ் எழுத்தே போதவில்லை. கிரந்தத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிரித்துப் பார்ப்போம். 'பி.எம்.' ஆங்கிலம். 'சூர்ய'வும் 'யோஜனா'வும் வடமொழி. 'கர்', 'பிஜ்லி' இந்தி. 'முஃப்த்' பாரசீக வழி வந்தது. ஆறு சொல்லில் நான்கு மொழிக்கு இடமிருக்கிறது, தமிழுக்கு இல்லை. தமிழில் பெயர்த்துப் போடுகிறோமே என்பர். அந்தப் பெயர்ப்பும் 'சூரிய வீடு' என்றுதான் வருகிறது. ஞாயிறு, கதிரவன், பகலவன், வெய்யோன், என்றூழ் என்று அடுக்கடுக்காய்ப் பெயர் வைத்த இனம் நாம். திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றிக் காப்பியம் தொடங்கிய இனம். பொங்கற் பானையை ஞாயிற்றின் முன் வைக்கும் இனம். நமக்கு வெயிலுக்கும் தில்லி பெயர் சூட்டுகிறது!

பெயரில் என்ன இருக்கிறது, பணம் வந்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். அந்தப் பணம் யாருடையது? 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆம் நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரியில் தமிழ்நாட்டுக்குக் குறித்த பங்கு 4.079 விழுக்காடு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகையிலோ நாம் ஏறத்தாழ 6 விழுக்காடு. நம் வரியிலிருந்து சென்ற உருபா, இந்திப் பெயர் தாங்கி, தலைமையமைச்சரின் கொடை என்ற தோற்றத்தில் திரும்பி வருகிறது. உரிமைப் பொருள் பிச்சைப் பொருளாய் மாறுவது இந்தப் பெயர்மாற்றத்தில்தான். இது முதன்முறையும் அன்று. மின்வாரியங்களின் கடனுக்கு 2015-இல் 'உதய்' வந்தது. 2017-இல் 'சௌபாக்யா' வந்தது. உழவர் நீரேற்றிகளுக்கு 2019-இல் 'குசும்' வந்தது.

அடுத்து, 'முஃப்த்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கட்டணமின்றி என்பது அதன் பொருள். உண்மையில் கட்டணமில்லையா? மூன்று கிலோவாட்டு அமைப்புக்கு அவர்கள் வகுத்த அடிப்படை மதிப்பே 1,45,000 உருபா. 78,000 நல்கை போனால் 67,000 உருபா வீட்டுக்காரருடையது. கடைவிலை கூடினால் அதுவும் கூடும். நல்கையும் தகடு பொருத்தி முடிந்த பின்னரே வைப்பகக் கணக்கில் ஏறும். கையில் முதல் உள்ளவர்க்கோ கடன் கிடைப்பவர்க்கோதான் இது எட்டும்.

கூரையும் வேண்டுமல்லவா? ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி அளவுக்கு இடம் வேண்டும். அது நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு மின் தரும். இவ்வூர் மாடவீதிகளின் பின்புறம் போய்ப் பாருங்கள். ஓட்டு வீடுகள்; ஒரே வாயிலுக்குள் நான்கைந்து குடித்தனங்கள். பூக்கட்டும் தாய்க்கும் மலைவலப் பாதையில் சுண்டல் விற்பவருக்கும் மொட்டைமாடி ஏது? குடிக்கூலிக்கு இருப்பவர் பிறர் கூரையில் தகடு பதிக்க இயலுமா? மேலும், 2016 முதல் தமிழ்நாட்டு அரசு இரு திங்களுக்கு 100 அலகைக் கட்டணமின்றித் தருகிறது. குறைவாக மின் செலவிடும் ஏழைக்குத் தகட்டால் மிச்சமாவது மிகச் சிறிது. ஆகவே 75,021 கோடியும் மாடியுள்ளவர் பக்கமே சாயும். (குரங்குகள் தகட்டை உடைத்துவிடுமே என்று கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டார். ஆலங்கட்டி மழையையே தாங்கும் கண்ணாடி அது. கம்பிவடத்தைத்தான் குழாய்க்குள் விட்டுக் காக்க வேண்டும்.)

தில்லிக்கு முன்பே இத்துறையில் நடந்தவர்கள் நாம் என்பதையும் மறக்கக்கூடாது. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலைகள் சுழன்றன. 2011-12-இல் தமிழ்நாட்டு அரசு பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. செலவு 1,80,000 உருபா. அதில் 30,000 கதிரொளி விளக்குகளுக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்குகளே எனினும், கூரையில்லாதவனுக்குக் கூரையையும் தந்து அதன்மேல் தகட்டையும் வைத்த திட்டம் அது. ஏழையிலிருந்து தொடங்கியது, மாடியிலிருந்து தொடங்கவில்லை.

மின்னாற்றல் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது. பொது என்பது தில்லியின் கையில் தில்லிக்கே என்றாகிவிடுகிறது. இங்கே மின்னுரிமை எவரும் இட்ட பிச்சையன்று. 1970 சூன் திங்களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட உழவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் மாண்டனர். உழவர் அனைவரின் நீரேற்றிக்கும் கட்டணமில்லா மின் 1990-இல் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டும் போராட்டமே. குருதி கொடுத்துப் பெற்ற அவ்வுரிமையை, நாளை தில்லியின் கணினியில் பதிவு செய்தோர்க்கு மட்டும் வரும் நல்கையாய் மாற்ற மாட்டார்கள் என்பதற்கு யார் பிணை?

இவ்வளவும் கேட்டபின் நம் தோழர் சிலர், இத்திட்டத்தையே புறக்கணிப்போம் என்கின்றனர். நான் உடன்படவில்லை. நாம் தொடாத பணம் வடக்கே போய்ச் சேரும். இங்கே அனல்மின் புகை தொடரும். மாடியுள்ளவர் தகடு பொருத்துங்கள். அது உங்கள் வரிப்பணம். ஆனால் வாய்மூடி வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டு அரசையும் நான் விடப்போவதில்லை. 2015-இல் கமுதியில் 648 மெகாவாட்டுக் கதிர்மின்னை ஒரு பெருநிறுவனத்திடம் அலகுக்கு 7 உருபா 1 காசு என்று வாங்க ஒப்பந்தம் செய்தது இங்கிருந்த அரசு. தன் மாடியில் ஆக்கி மிஞ்சியதை மின்வாரியத்துக்கு ஊட்டும் குடும்பத்துக்கு அந்த விலையைத் தர முன்வருமா? மொழியிலும் பிழை உண்டு. எதுவும் எரியாத கதிரொளிக்கும் காற்றுக்கும் சேர்த்து 'எரிசக்தி முகமை' என்று பெயர் வைத்திருந்தனர்! ஆற்றல் என்னும் சொல் இருக்கச் சக்தி எதற்கு? பேருந்தும் மிதிவண்டியும் மின்விசிறியும் வழக்கில் நிலைத்த மண்ணில், கதிர்மின்னும் கதிர்த்தகடும் நிலைக்காமலா போகும்?

நாம் கேட்க வேண்டியவை உள. தமிழ்நாட்டில் செயற்படும் திட்டத்துக்குத் தமிழ்ப்பெயரே முதற்பெயராக வேண்டும். பள்ளிக்கூரை, சந்தைக்கூரை, பேருந்து நிலையக் கூரை ஆகியவற்றில் அரசே தகடு பதித்து, ஆகும் மின்னைக் கூரையற்ற குடும்பங்களின் கணக்கில் பகிர்ந்து கழிக்க வேண்டும். ஒரே நிலையத்து மின்னைப் பலர் கணக்கில் கழிக்கும் அம்முறைக்குத் தில்லி நகரத்து மின் ஒழுங்குமுறை ஆணையமே 2019-இல் வழிவகுத்திருக்கிறது. தில்லிவாழ் குடித்தனக்காரனுக்கு வகுத்த வழி திருவண்ணாமலைக் குடித்தனக்காரனுக்கு ஏன் எட்டக்கூடாது? இதை நகராட்சியிலும் மின்வாரியத்திலும் எழுத்தில் கேட்போம். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி வா என்று எந்த அலுவலரும் திருப்பியனுப்ப முடியாது.

வேண்டுகை மடலின் படிகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. குடிக்கூலி வீட்டில் இருப்போர் இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நகராட்சிக்கு, மற்றது மின்வாரியத்துக்கு. கையொப்பம் தமிழில் இருக்கட்டும்.